முதலில் வந்தது கணக்கு

நண்பர்களே, ஆதி நாகரிகம் என்றதும் நமக்கெல்லாம் மன்னனும் கோபுரமும் போர்க்களமும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் இன்றைக்குக் கணக்குப்பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம், பழைய சுமேர், அதாவது இன்றைய ஈராக்கின் தெற்குப் பகுதி. நல்ல மரம் கிடையாது, கல் கிடையாது, உலோகம் கிடையாது, மழையும் பயிருக்குப் போதாது. இருந்ததெல்லாம் வண்டலும் நாணலும் இரண்டு ஆறுகளும்தான். அந்த ஆறுகளும் சொன்ன பேச்சு கேட்கிற ரகமில்லை. கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கிற ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும், விதைக்கிற பருவத்தில் தண்ணீர் இறங்கிக் கிடக்கும்.

அதனால் வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்கால் வெட்டத்தான் அரசே பிறந்தது என்று ஆய்வாளர்கள் சிலர் ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. சின்ன வாய்க்கால்களை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ள முடியும். விளைந்த பார்லியைக் கோயில் களஞ்சியத்தில் குவித்து, வேலையாட்களுக்குப் படியளக்கத் தொடங்கினார்களே, சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

கி.மு. 3200 வாக்கில் உருக் நகரத்தில் பல்லாயிரம் பேர். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யாரிடம் எவ்வளவு பாக்கி, இதையெல்லாம் எந்த மனுஷன் மனதில் வைத்திருப்பான்? ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் குறித்துவைத்தார்கள். அங்கே கிடைத்த ஏறத்தாழ 5,000 களிமண் வில்லைகளில் பெரும்பகுதி பார்லி, பீர், ஆடு, துணி, ஆள்கணக்கு. மீதி, எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல். பாட்டும் துதியும் எழுத்தில் ஏற இன்னும் 600 வருஷம் போல ஆனது! கரடுமுரடான மண்கிண்ணங்களும் அந்தக் காலத்து ஊர்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, படியளந்த கிண்ணம் என்று பலர் நினைக்கிறார்கள். சாப்பிடுவதைக் காட்டும் குறியே ஒரு தலையும் வாயருகே ஒரு கிண்ணமும்தான்.

சில வில்லைகளில் ‘குஷிம்’ என்று படிக்கப்படும் குறி திரும்பத் திரும்ப வருகிறது, பீர் காய்ச்சும் பார்லிக்குப் பொறுப்பாளர். ஆள் பெயரா பதவிப் பெயரா என்று வாதம் ஓயவில்லை. ஆள் பெயர்தான் என்றால், நமக்குத் தெரிந்த மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஸ்டோர் கீப்பருடையது.

சரி, கணக்கு என்று வந்துவிட்டால் கடன் வரும், வட்டி வரும். கி.மு. 2400 வாக்கில் லகாஷ் அரசன் என்மெதெனா ஒரு களிமண் கூம்பில் பக்கத்து ஊரான உம்மாவுடன் நடந்த எல்லைத் தகராறை எழுதிவைத்தான். எல்லை வயலில் விளைந்த பார்லியைக் கடனாக எடுத்துக்கொண்டதற்கு உம்மா லகாஷுக்கு வட்டி கட்ட வேண்டும், அது ஏறி ஏறி எந்த ஊராலும் அடைக்க முடியாத தொகையாகிவிட்டது. உம்மாவின் அரசன் உர்-லும்மா கட்டவில்லை, எல்லை வாய்க்காலின் தண்ணீரைத் திருப்பிவிட்டான், சண்டை மூண்டது, தோற்று ஓடினான். அவன் கால்வாய்க் கரையில் விட்டுப்போன கழுதைகளைக்கூட லகாஷ்காரர்கள் விடாமல் எண்ணி எழுதியிருக்கிறார்கள்: சேர்த்துப் பூட்டுகிற கழுதைக் குழுக்கள் 60.