கரும்புச்சாறும் காந்தமும்

சபையோர் அனைவருக்கும் வணக்கம். டர்பனில் ஒளியைப் பற்றிப் பேசுகிறவன் கரும்பிலிருந்தே தொடங்கலாம். 1860-இல் நம்மவர்களைச் சென்னையிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கியது அந்தப் பயிர்தானே!

ஆலை ஆய்வகத்தில் சாற்றைத் தெளியவைத்து, குழாயில் ஊற்றி, அதன் வழியே தளவிளைவு பெற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, விடுவார்கள். 100 மில்லியில் 26 கிராம் சுத்தமான சர்க்கரை, குழாய் 20 சென்டிமீட்டர் என்றால், ஒளி அதிரும் தளம் சுமார் 34.6 டிகிரி வலப்பக்கம் திரும்பிவிடும். காரணம், சர்க்கரை மூலக்கூறு நம் வலது கையைப் போன்றது. அதன் ஆடிப் பிம்பம் அதன்மேல் அப்படியே பொருந்தாது.

1845-இல் ஃபாரடே, இந்தக் கைத்தன்மை இல்லாத ஈயக் கண்ணாடியைக் காந்தத்தில் வைத்தார். அங்கேயும் தளம் திரும்பியது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மறுமுனையில் ஓர் ஆடியை வைத்து ஒளியைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். சர்க்கரையில் போகும்போது திரும்பியது வரும்போது கழிந்துவிடும், காந்தத்திலோ இரட்டிப்பாகும். லேசருக்குள் ஒளி திரும்பி நுழையாமல் தடுக்கும் கருவி இதை வைத்துத்தான் இயங்குகிறது. அதில் பெரும்பாலும் இருப்பது டெர்பியம் கேலியம் கார்னெட் படிகம். டெர்பியம் ஒரு லாந்தனைடு, அதாவது அருமண் உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தது.

சரி, கைத்தன்மையும் காந்தமும் ஒரே பொருளில் சேர்ந்தால்? யூரோப்பியமும் ஒரு லாந்தனைடுதான். கைத்தன்மையுள்ள யூரோப்பியம் சேர்மம் ஒன்று, காந்தப்புலத்தின் திசையில் உமிழும் ஒளியும் எதிர்த்திசையில் உமிழும் ஒளியும் சமமாக இல்லை என்று 1997-இல் ரிக்கன், ரௌபாக் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேறுபாடு மிகச் சிறியது.

அதைப் பெரிதாக்கத்தான் இப்போது பல லாந்தனைடு அயனிகளை ஆக்சிஜன் பாலங்களால் கோத்துக் கொத்தாக்குகிறார்கள்; சுற்றிலும் கைத்தன்மையுள்ள கரிம மூலக்கூறுகள். உலோகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை செய்யும் எலக்ட்ரான்கள் (4எஃப் என்பார்கள்) 5எஸ், 5பி என்ற வெளி எலக்ட்ரான் கூடுகளுக்கு உள்ளே பதுங்கியிருக்கின்றன; வெளியே உள்ள கரிம மூலக்கூறுகளின் முறுக்கு அவற்றுக்கு அரைகுறையாகவே எட்டும். ஆகவே அயனிகளின் அடுக்கே முறுகி நிற்கவேண்டும். அப்புறம் எந்த நிறத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். யூரோப்பியத்தின் பளிச்சென்ற சிவப்பு சுமார் 615 நானோமீட்டரில் வரும். இடமாகச் சுழலும் ஒளிக்கும் வலமாகச் சுழலும் ஒளிக்கும் உள்ள பாகுபாடு பலமாகத் தெரிவதோ, 590-ஐ ஒட்டிய மங்கலான ஆரஞ்சில். அது காந்த இருமுனையால், அதாவது ஒளியின் காந்தப் பகுதியோடு சேர்ந்து, எலக்ட்ரான் நிலை மாறும் தாவல். பிரகாசமும் வேண்டும், பாகுபாடும் வேண்டும் என்றால் சிக்கல்தான்.

இந்த உலோகங்கள் எளிதில் கிடைப்பவையும் அல்ல. நம் நாட்டின் மேற்கு கேப்பில் ஸ்டீன்காம்ப்ஸ்கிராலில் 1950-களில் தோண்டிய மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் நிறைய, டெர்பியம் சொற்பம். கொத்துக்குள் உலோகத்தைச் சும்மா கொட்டிக் குவிக்கக் கட்டுப்படியாகாது. இனி நீங்கள் கேளுங்கள்.