கிடார் மந்திரவாதி ஃபிராங்கோ

நேயர்களுக்கு வணக்கம். கிடார் மேதை என்றால் விரல்கள் பறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். காங்கோவின் ஃபிராங்கோ அப்படி வாசித்தவர் இல்லை. ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொள்வார். அதையே திரும்பத் திரும்ப, கேட்பவர் எழுந்து ஆடும்வரை விடமாட்டார். அந்த மனிதரைத்தான் ஊர் 'கிடார் மந்திரவாதி' என்றது.

முழுப்பெயர் ஃபிரான்ஸ்வா லுவாம்போ மக்கியாடி. 1938 ஜூலை 6 அன்று, பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவில், சோனா பாட்டா என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது லெயோபோல்ட்வில்லில், அதாவது இன்றைய கின்ஷாசாவில். அப்பா ரயில்வே தொழிலாளி. பையனுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ங்கிரி-ங்கிரி சந்தையில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பையன் தகர டப்பாவில் மின்கம்பியை உரித்துக் கட்டி ஒரு கிடார் செய்துகொண்டு, அம்மாவின் கடைக்கு ஆள் சேர்க்க வாசித்தான். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. அவர் பாட்டில் பின்னாளில் வந்த வம்பு, கிண்டல், புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாம் இந்தச் சந்தையில் காதில் விழுந்தவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போது கிரேக்க வியாபாரிகள் அந்த நகரத்தில் ஒலிப்பதிவுக் கூடங்கள் நடத்தினார்கள். கியூபாவின் இசைத்தட்டுகள் முப்பதுகளிலேயே வந்து இறங்கியிருந்தன. அடிமைகளாகப் போன ஆப்பிரிக்கர்களின் தாளம் கடல் தாண்டித் திரும்பி வந்திருக்கிறது. காங்கோக்காரர்களுக்கு அது அந்நியமாகவே படவில்லை. 1953இல், பதினைந்து வயதில், லொனிங்கிசா கூடத்தில் ஃபிராங்கோ சேர்ந்தார். 1956 ஜூனில் ஓ.கே. பார் என்ற மதுக்கூடத்தில் நண்பர்களோடு தொடங்கிய குழுதான் ஓ.கே. ஜாஸ். ஜாஸ் இசைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அந்தக் காலத்தில் நவீனமான குழு என்று காட்ட அப்படிப் பெயர் வைப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, வாசிப்புக்கு வருவோம். கியூபா தாளமும் உள்ளூர் இசையும் கலந்ததுதான் காங்கோ ரும்பா. அந்தப் பாட்டு மெதுவாகத் தொடங்கும். வரிகள், கோரஸ், கதை. அப்புறம் ஒரு இடத்தில் குரல்கள் ஒதுங்கிக்கொள்ள, கிடார்கள் முன்னுக்கு வரும். அந்தப் பகுதிக்குச் செபென் என்று பெயர். ஒரு கிடார் தாளத்தைப் பிடிக்கும், இன்னொன்று நடுவில் பின்னும், மூன்றாவது மேலே பேசும். போட்டிக் குழுவான ஆஃப்ரிக்கன் ஜாஸில் டாக்டர் நிக்கோ என்ற அற்புதமான கலைஞர் இருந்தார். அவர் ஒற்றைக் கம்பியில் தேனாய் ஒழுகுவார். ஃபிராங்கோ கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடுங்குவார். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இருக்கும். இனிமை நிக்கோவிடம்தான் கூடுதல். ஆனால் ஆட வைக்கிற வேலையில் ஃபிராங்கோவை மிஞ்ச ஆளில்லை என்பேன்.

அதிகாரத்தோடு அவருக்கு இருந்த உறவு குழப்பமானது. 1966இல் சர்வாதிகாரி மொபுட்டுவின் அரசு முன்னாள் பிரதமர் ஒருவரையும் மூன்று முன்னாள் அமைச்சர்களையும் பொது இடத்தில் தூக்கிலிட்டது. அதையொட்டி, சொந்தச் சனத்தையே பலிகொடுக்கும் சூனியக்காரத் தலைவனைப் பற்றி ஃபிராங்கோ ஒரு பாட்டு வெளியிட்டார். பாட்டு தடை செய்யப்பட்டது. அவர் ஆற்றைக் கடந்து, பக்கத்து நாட்டின் தலைநகரான பிரஸ்ஸாவில்லுக்குப் போய்ச் சில காலம் இருக்க நேர்ந்தது. அதே மனிதர் பிறகு மொபுட்டுவைப் புகழ்ந்தும் பாடினார். 1984 தேர்தலுக்குப் பிரசாரப் பாட்டே போட்டார். இடையில் 1978இல் ஆபாசப் பாட்டு என்று சிறைக்கும் போனார். சில வருடம் கழித்து 'தையல்காரன்' என்று ஒரு பாட்டு: ஊசிக்குச் சொந்தக்காரன் ஊசியை வாங்கிக்கொண்டான், இனி எதை வைத்துத் தைப்பாய்? பதவி பறிபோன ஒரு பெரிய சட்ட அதிகாரியைத்தான் சொல்கிறார் என்று கின்ஷாசாவே சிரித்தது. பெயர் சொல்லாமல் அடிப்பது அவருக்குக் கைவந்த கலை. துணிச்சல்காரரா, காரியவாதியா என்று கேட்டால், இரண்டும்தான். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களுக்குப் படியளந்த முதலாளியும் அவர்தானே.

1985இல் வந்த 'மாரியோ' அவருடைய மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. படித்த இளைஞன் ஒருவன் தன்னைவிட வயதான, வசதியுள்ள பெண்ணின் காசில் சொகுசாக வாழ்கிறான். பொறுமை இழந்த அந்தப் பெண்ணின் குரலாக ஃபிராங்கோ பாதி பாடி, பாதி பேசித் திட்டித் தீர்க்கிறார். 1987இல் எய்ட்ஸ் பற்றி எச்சரித்து ஒரு நீண்ட பாட்டை வெளியிட்டார். ஆப்பிரிக்காவில் பல அரசாங்கங்கள் வாய்திறக்கத் தயங்கிய காலம் அது. இரண்டே வருடத்தில், 1989 அக்டோபர் 12 அன்று, பெல்ஜியத்தில் நாமூர் நகரில் இறந்தார். வயது 51. நாட்டில் நான்கு நாள் துக்கம் அறிவித்தார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் 'மாரியோ'விலேயே தொடங்கலாம். லிங்காலா மொழி புரியாதது பெரிய தடை இல்லை. அந்தப் பெண்ணின் எரிச்சல் குரலிலேயே தெரிந்துவிடும். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். முழுவதும் ஒலிபரப்ப நிலையத்தார் நேரம் தரவில்லை. கிடார்கள் முன்னுக்கு வரும் பகுதியை மட்டும் இப்போது கேட்போம்.