நாலு ஓட்டு இருந்தாதான் கேஸ்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கேக்குதுங்களா? சரி. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பத்தி பேசச் சொன்னாங்க. பொதுவா எல்லாரும் தீர்ப்பைப் பத்திதான் பேசுவாங்க, நான் அதுக்கு முன்னாடி நடக்கறத பேசப் போறேன், ஒரு கேஸ் அந்த கோர்ட்டுக்குள்ள நுழையறதே எப்படிங்கறத.

நம்ம நாட்டுல அடிப்படை உரிமைல கை வெச்சா ஆர்ட்டிகிள் 32 இருக்கு, நேரா டெல்லியிலயே ரிட் போடலாம். அங்க அப்படி கிடையாதுங்க. கீழ்க்கோர்ட், அப்பீல் கோர்ட்னு எல்லா படியும் ஏறி முடிச்சுட்டு, எங்க கேஸை எடுத்துக்கோங்கன்னு பெட்டிஷன் போடணும், எடுக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம். 1925ல தலைமை நீதிபதி டாஃப்ட் முன்ன நின்னு காங்கிரஸ்ல, அதாவது அவங்க பார்லிமெண்ட்ல, சட்டம் கொண்டுவர வெச்சு வாங்கின அதிகாரம் இது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல பெட்டிஷன் வருது, இப்பல்லாம் முழு விசாரணைக்கு எடுக்கறது 60, 70 இருந்தா பெருசு.

எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ண ஒம்பது ஜட்ஜ் மட்டும் ஒரு ரூம்ல உக்காருவாங்க, உதவியாளர், கிளார்க் யாருக்கும் அனுமதி இல்ல, வெளிய யாராவது கதவைத் தட்டினா இருக்கறதுலயே ஜூனியர் ஜட்ஜ் எந்திரிச்சுப் போய் திறக்கணும். எலினா கேகன் ஏழு வருஷம் அந்த வேலைய பாத்தாங்க! அந்த ரூம்ல நாலு பேர் எடுக்கலாம்னு சொன்னா கேஸ் உள்ள. ஆனா ஜெயிக்க அஞ்சு வேணும். இந்த ஒரு ஓட்டு வித்தியாசத்துலதான் அரசியலே இருக்கு. நம்ம பக்கம் நாலு பேர் இருக்கோம், அஞ்சாவது ஆள் வருவாரான்னு தெரியல, எடுத்து தோத்துட்டா நாடு முழுக்க தோத்த மாதிரி, அதனால இப்போதைக்கு வேணாம்னு விட்டுடறதும் உண்டு. ஏன் விட்டோம்னு காரணம் சொல்லணும்னு கட்டாயமும் இல்ல.

1955ல நடந்தத பாருங்க. ஹாம் சே நயிம்னு ஒரு சீனக் கப்பல் தொழிலாளி, வெள்ளைக்காரப் பெண்ண நார்த் கரோலினாவுல கல்யாணம் பண்ணி வர்ஜீனியாவுல குடியிருந்தார். உறவு முறிஞ்சப்போ, கலப்புக் கல்யாணம் இங்க செல்லாதுன்னு வர்ஜீனியா கோர்ட் மொத்தமா ரத்து பண்ணிடுச்சு. சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது பெட்டிஷன் இல்ல, அப்பீல், அன்னைக்கு சட்டப்படி அவங்க தட்டிக்கழிக்க முடியாத வகை. ஆனா பள்ளிக்கூடத்துல இனம் பாத்துப் பிரிக்கக் கூடாதுன்னு பிரவுன் தீர்ப்பு குடுத்து ஒண்ணரை வருஷம்தான் ஆகுது, தென் மாநிலங்கள் கொதிச்சுக்கிட்டு இருக்கு, இப்ப இதைத் தொட்டா அதுவும் கெட்டுடும்னு ஜட்ஜ் ஃபிராங்க்ஃபர்ட்டர் வாதாடினார். ரெக்கார்டு சரியில்லன்னு சொல்லி திருப்பி அனுப்பினாங்க. வர்ஜீனியா கோர்ட் அதை மதிக்கவே இல்ல, நாங்க ஒண்ணும் மாத்த மாட்டோம்னுடுச்சு, 1956ல சுப்ரீம் கோர்ட் அதையும் முழுங்கிட்டு கேஸை தள்ளிடுச்சு. இதை நிதானம்னு பாராட்டுற சட்டப் பேராசிரியர்கள் இருக்காங்க, எனக்கு அது பயமாத்தான் தெரியுது.

ஏன்னா அந்த தள்ளலுக்கு விலை குடுத்தவங்க வேற. 1958ல வெள்ளைக்காரர் ரிச்சர்ட் லவிங், கறுப்பினப் பெண் மில்ட்ரெட் தம்பதி வாஷிங்டன்ல கல்யாணம் பண்ணிட்டு வர்ஜீனியா திரும்பினாங்க, நடுராத்திரி ஷெரிஃப் படுக்கையறைக்குள்ள வந்து நிக்கிறார், சுவத்துல மாட்டியிருந்த கல்யாண சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினா அது இங்க செல்லாதுங்கறார். ஒரு வருஷ ஜெயில், 25 வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து மாநிலத்துக்குள்ள வராம இருந்தா அந்த தண்டனை நிறுத்தம்! 1967ல ஒம்பது ஜட்ஜும் ஒருமனதா அந்த சட்டத்தைத் தூக்கி எறிஞ்சாங்க. நயிம் கேஸை அன்னைக்கே தீர்த்திருந்தா ஷெரிஃப் அந்த வீட்டுப் பக்கம் வந்திருப்பாரா?

இதே மாதிரி இன்னொண்ணு. மினசோட்டாவுல ஜாக் பேக்கர், மைக்கேல் மெக்கானல்னு ரெண்டு ஆண்கள் கல்யாண லைசென்ஸ் கேட்டு வந்த கேஸ், 1972ல ஒரே வரில தள்ளுபடி, இதுல சொல்லிக்கற மாதிரி மத்திய சட்டக் கேள்வி எதுவும் இல்லன்னு. அந்த ஒத்தை வரிய வெச்சே கீழ்க்கோர்ட்டுங்க பல வருஷம் கதவை அடைச்சாங்க.

2014 அக்டோபர் 6, அஞ்சு மாநிலத்துலேர்ந்து தன்பாலினக் கல்யாண வழக்கு வந்து நின்னுச்சு, கீழ எல்லாத்துலயும் ஜோடிகள்தான் ஜெயிச்சிருந்தாங்க. எதையும் எடுக்கலன்னு சுப்ரீம் கோர்ட் ஒரு வார்த்தை காரணமில்லாம சொல்லுச்சு, கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்னுடுச்சு, அன்னைக்கே வர்ஜீனியாவுல கல்யாணம் நடந்துச்சு. ஆமாங்க, அதே வர்ஜீனியா. அடுத்த மாசமே சின்சினாட்டி அப்பீல் கோர்ட் அந்த 1972 வரியப் பிடிச்சுக்கிட்டு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. ஒரே அரசியல் சட்டம், ஒரு பக்கம் கல்யாணம் செல்லும், இன்னொரு பக்கம் செல்லாது. இப்படி அப்பீல் கோர்ட்டுங்க ரெண்டா பிரிஞ்சாதான் மேல இருக்கவங்க அசைவாங்க. அந்த சின்சினாட்டி கேஸ்லேர்ந்து மேல வந்தவர்தான் ஜிம் ஓபர்கெஃபெல், சாகக் கிடந்த துணைவரை சின்ன மெடிக்கல் விமானத்துல மேரிலாந்து கூட்டிட்டுப் போய் ஓடுபாதையிலயே விமானத்துக்குள்ள கல்யாணம் பண்ணவர், அவர் கேட்டது இறப்புச் சான்றிதழ்ல கணவர்னு தன் பேர் இருக்கணும், அவ்வளவுதான். 2015 ஜூன் 26, அஞ்சுக்கு நாலு ஓட்டுல ஜெயிச்சார். 1972 வரி செல்லாதுன்னு பேர் சொல்லியே எழுதினாங்க.

பேக்கரும் மெக்கானலும் 1971லயே வேற கவுண்ட்டில, அதாவது வேற மாவட்டத்துல, ஒரு லைசென்ஸ் வாங்கி கல்யாணம் பண்ணியிருந்தாங்க, அது செல்லும்னு மினசோட்டா கோர்ட் ஒண்ணு 2018ல சொல்லுச்சு. கேள்வி இருந்தா கேளுங்க.