பாரிஸுக்கும் பிரெஸ்ட்டுக்கும் நடுவில்

(நெடுந்தூர சைக்கிள் ஓட்டுநர்களின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, இவர்களால் ஞாயிற்றுக்கிழமைகளைப் பறிகொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, பிரான்ஸில் சைக்கிள் என்றதும் ஆல்ப்ஸ் மலை, டூர் டி பிரான்ஸ், மஞ்சள் சட்டை என்று அடுக்கினார். தப்பில்லை. நான் பேசப்போவது அந்த நாட்டின் மேற்குப் பக்கத்தைப் பற்றி. அங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி மலை கிடையாது. மக்காச்சோளக் கொல்லை, பால்மாட்டுப் பண்ணை, கருங்கல் வீடு, ஊருக்கு ஒரு மாதாகோயில் கோபுரம், அவ்வளவுதான். இந்த வழியாகத்தான், பாரிஸ் பக்கமிருந்து கடலோர நகரமான பிரெஸ்ட் வரை சைக்கிளில் போய்த் திரும்பும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டம் போகிறது. நாம் பிபிபி என்கிறோமே, அது. 1,200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 90 மணி நேரம், இப்போது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை.

பின்வரிசைக்கு ஒரு வார்த்தை. இதற்குப் பணம் கட்டினால் மட்டும் போதாது. அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நான்கு பிஆர்எம்களை, அதாவது அங்கீகாரம் பெற்ற நெடுந்தூர ஓட்டங்களை, குறித்த நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சனிக்கிழமை ராத்திரி காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். வேறு சந்தேகம் வேண்டாம்.

வயதில் இது டூர் டி பிரான்ஸுக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. 1891-இல் 'லெ பெதி ஜூர்னால்' என்ற பாரிஸ் பத்திரிகையைச் சேர்ந்த பியர் ஜிஃபார் தொடங்கிவைத்தார். சைக்கிள் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். அதில் ஏறி நாட்டின் கடல் விளிம்பு வரை போய்த் திரும்பலாம் என்று காட்ட நினைத்தார். ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் திரும்பி வந்தார், தூங்காமல். அவருடைய சக்கரத்தில் மிஷ்லின் கம்பெனியின் புது டயர். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜியல்-லாவால் ஓட்டியது டன்லப்பில். திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில் ஜியல்-லாவால் அசந்து தூங்க, தெரோன் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விட்டார். 1901-இல் அடுத்த போட்டியில் ஜெயித்தவர் மொரீஸ் காரேன். 1903-இல் முதல் டூர் டி பிரான்ஸை ஜெயித்ததும் இதே காரேன்தான்.

தொழில்முறைப் பந்தயம் 1951-ஓடு நின்றுபோனது. இன்று ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சைக்கிள் சங்கம் நடத்துவது நம்மைப் போன்றவர்களுக்கானது. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் முடித்தவர். சக்கர வடிவத்தில் பாதாம் தூவி, நடுவில் கிரீம் வைத்து 'பாரிஸ்-பிரெஸ்ட்' என்று பேக்கரியில் ஒரு பண்டம் விற்கிறார்களே, அது இந்தப் போட்டியின் பெயரில் 1910-இல் லூயி துரான் என்ற பேக்கரிக்காரர் செய்தது. நம் பிஆர்எம் எதற்கும் இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பந்தயம் போனது தேசிய நெடுஞ்சாலை 12 வழியாக. கார் பெருகியது, லாரி பெருகியது, சைக்கிளை உள்ளே தள்ளினார்கள். இப்போது பெரும்பாலும் 'டி' எண் போட்ட மாவட்டச் சாலைகள்தான். என்னைக் கேட்டால் பிபிபி பிழைத்தது அதனால்தான். நெடுஞ்சாலையிலேயே இருந்திருந்தால் இது வெறும் தூரம். உள்ளே போனதால்தான் ஊர்கள் இதைத் தங்கள் வீட்டு விசேஷமாக எடுத்துக்கொண்டன.

எப்படி என்று கேளுங்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிற ராம்பூயேயில் ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிறவர்களுக்கு முதல் ராத்திரி முழுக்க மிதிதான். முன்னால் போகிறவர்களின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறையும். சிவப்புக் கரை போட்ட பலகையில் ஊர்ப்பெயர் வரும். கண்ணிமைத்தால் அதே பெயர் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு வரும். ஊர் முடிந்தது என்று அர்த்தம். இந்த இரண்டு பலகைக்கும் நடுவில், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் மேஜை போட்டிருக்கும். ஃபிளாஸ்கில் காபி, தட்டில் கேக், தண்ணீர்க் குடம். கம்பளி போர்த்திய ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து 'பொன் கூராஜ்' என்பார். தைரியமாகப் போய் வா என்று வாழ்த்துகிறார். காசு நீட்டினால் வாங்க மாட்டார்கள். மாயென் பகுதியில் ஒரு குடும்பம், ஊருக்குத் திரும்பியதும் ஒரு தபால் அட்டை போடு, அது போதும் என்று சொல்லி அனுப்புகிறது. வந்த அட்டைகளைப் பலகையில் ஒட்டி அடுத்த தடவை வாசலில் வைப்பார்கள். உங்கள் ஊர் அட்டை அதில் இருக்கிறதா என்று தேடாமல் யாராலும் அங்கிருந்து கிளம்ப முடியாது.

வில்லேன்-லா-ஜுவெல் என்று ஓர் ஊர். மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம். அங்கே ஒரு கண்ட்ரோல், அதாவது நிறுத்தி கார்டில் முத்திரை வாங்கும் இடம். கடந்த சில தடவைகளாக ஆறாயிரம் பேருக்கு மேல் ஓட்டுகிறார்கள். அதாவது ஊரைப்போல இரண்டு மடங்குக் கூட்டம், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. மைக் வைத்து வரவேற்கிறார்கள், தெருவே திரண்டு நின்று கைதட்டுகிறது. உள்ளே சாப்பாடு வாங்கினால், நம் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று தட்டை வாங்கிக்கொண்டு மேஜை வரை வரும்.

தூங்குமிடத்தைச் சொல்கிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். வாசலில் ஒருவர் காகிதத்தில் கட்டம் போட்டு வைத்திருப்பார். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டு உங்கள் கட்டில் எண்ணுக்கு நேராக எழுதிக்கொள்வார். டார்ச்சைக் கையால் பொத்திக்கொண்டு இருட்டில் உங்களைக் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார். சொன்ன நேரத்துக்கு ஒரு கை வந்து தோளைத் தொடும். அதைச் செய்கிறவர் ஓய்வுபெற்ற வாத்தியாராக இருப்பார், விவசாயியாக இருப்பார். ஒரு பைசா சம்பளம் கிடையாது.

அன்பு என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அன்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. அங்கே அதற்கு ஓர் ஏற்பாடும் இருக்கிறது. சின்ன ஊராட்சிக்குக்கூட மேயர் உண்டு, பொதுக்கூடம் உண்டு. பள்ளியில் பெரிய சமையலறை உண்டு. 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் சுலபமாகச் சங்கம் பதிவு செய்யலாம். அதனால் ஊருக்கு ஊர் சைக்கிள் சங்கம், விழாக் கமிட்டி. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை இத்தனையும் ஒரே வாரத்தில் வேலைக்கு வருகிறது. நம் பிஆர்எம்மில் பெட்ரோல் பங்கில் பில் வாங்கி நேரத்தை நிரூபிக்கிறோம். குறை சொல்லவில்லை, வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

இதில் என் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. இவ்வளவு பழமையான ஊர்கள் வழியாகப் போகிறோம், எதையும் பார்ப்பதில்லை. லாசேயில் பதினைந்தாம் நூற்றாண்டுக் கோட்டை, பக்கத்திலேயே போகிறோம். ஃபூஜேரில் ஐரோப்பாவின் பெரிய இடைக்காலக் கோட்டைகளில் ஒன்று நிற்கிறது. நாம் கார்டில் முத்திரை வாங்கிக்கொண்டு ஓடுகிறோம். பெஷெரெல் என்று மேட்டில் ஓர் ஊர். ஆயிரம் பேர்கூடக் கிடையாது, ஆனால் 1989-இலிருந்து அது புத்தக நகரம். சந்தெல்லாம் பழைய புத்தகக் கடை. நாம் போகிற நேரத்துக்கு ஒன்றும் திறந்திருக்காது, திறந்திருந்தாலும் கட்-ஆஃப் நேரம் விடாது. அதற்கு அப்புறம் பலகைகளில் பிரெஞ்சோடு அந்த வட்டாரத்தின் பிரெத்தோன் மொழியும் சேர்ந்து வரும். ஒவ்வொரு ஊர்ச் சதுக்கத்திலும் 1914-18 போரில் செத்தவர்களின் பெயர் பொறித்த கல். பத்து வீடு இருக்கிற இடத்தில்கூட ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை வரும். ஷூவை இறுக்கக் காலை ஊன்றி நிற்கிற ஒரு நிமிஷத்தில் படித்தால் உண்டு.

இனி ஓட்டுகிறவர்களுக்கு. மலை இல்லை என்றேன், ஏமாந்துவிடாதீர்கள். பாதையின் உயர்ந்த இடம் பிரெஸ்ட்டுக்கு முன்னால் வரும் ரோக் திரெவெசெல் பக்கம். அது 400 மீட்டரைத் தொடாது. ஆனால் மொத்த ஏற்றம் சுமார் 12,000 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஆறு தடவை ஏறுகிற கணக்கு, அதையும் பொடிப்பொடியாக நறுக்கி 1,200 கிலோமீட்டரில் தூவியிருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம்தானே என்று போனால், விடியற்காலைப் பனிமூட்டத்தில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். 2007-இல் மழை விடாமல் அடித்தது. 2019-இல் பிரெஸ்ட் போகிற திசை முழுக்க எதிர்க்காற்று. அந்தத் தடவை இந்தியாவிலிருந்து போனவர்களில் முடித்தவர்களைவிட டிஎன்எஃப் ஆனவர்களே, அதாவது முடிக்காமல் விட்டவர்களே அதிகம். கால் பழகியிருந்தது. குளிரில் சாப்பிடவும் தூங்கவும் உடம்பு பழகியிருக்கவில்லை. கண்ட்ரோலில் பழைய டிஎன்எஃப்காரர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். கையுறையைப் பற்றிப் பேசுவார்.

சில்லறை விஷயங்கள். திங்கட்கிழமை கிராமத்துக் கடைகள் பலவும் மூடியிருக்கும், மற்ற நாளிலும் மதியம் இழுத்துச் சாத்திவிடுவார்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று பலகை இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை சட்டப்படி கட்டாயம். ஊருக்குள் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழி, அவன் டிராக்டரில் வந்தாலும் சரி. ஊருக்கு வெளியே உங்களைத் தாண்டுகிற கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரும்பாலும் தள்ளித்தான் போகிறார்கள்.

90 மணி நேரமெல்லாம் நமக்கு ஆகாது என்பவர்கள் பாரிஸிலிருந்து மோன் சான் மிஷேல் வரை போகிற 'வெலோசேனி' பாதையைப் பாருங்கள். 450 கிலோமீட்டர் அளவு. ராம்பூயே, ஷார்த்ர் வழியாகப் போய், ஒரு பகுதியில் கைவிடப்பட்ட ரயில் பாதை மேலேயே போகும், கார் தொந்தரவு இல்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு போனால் கோட்டையையும் பார்க்கலாம், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். பின்வரிசையில் இப்போதுதான் கைதட்டல் கேட்கிறது.

அடுத்த பிபிபி 2027-இல். கடந்த தடவை, முந்தைய ஆண்டில் நீளமான பிஆர்எம் முடித்தவர்களுக்குத்தான் முன்பதிவில் முன்னுரிமை கொடுத்தார்கள். ஆகவே 2026-இலேயே கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள். டைனமோ விளக்கா, பேட்டரி விளக்கா என்ற சண்டைக்கு மட்டும் நான் ஆள் இல்லை, அதை டீ குடிக்கும்போது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.