அனுப்புகிறவர் சொல்லாமல் வண்டி நகராது

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். பயணத்தைத் தொடங்கிவைப்பது போகிறவர் சொல்லா, அனுப்புகிறவர் சொல்லா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், வாசலில் நின்று ஒருவன் ‘வரேன்’ என்று சொன்ன நொடியிலேயே பயணம் தொடங்கிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

தொடங்கிவிட்டதா? அந்த வாசலையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். செருப்பு மாட்டியாச்சு, பை தோளில் ஏறியாச்சு. “அம்மா, வரேன்” என்கிறான். குக்கர் சத்தத்தில் அடுப்படிக்கு அது கேட்கவில்லை. போய்விடுகிறானா? படியிலேயே நின்று இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக, “அம்மா, வரேம்மா” என்கிறான். “சரிப்பா, சூதானமாப் போயிட்டு வா” என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் கால் படி இறங்குகிறது. பெரியவர்கள் ‘உத்தரவு வாங்கிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பதும் இந்தக் கணக்குதான்.

இது நேற்று வந்த பழக்கமில்லை. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவிக்காகப் பயணத்தை நிறுத்திவைப்பதைச் செலவழுங்குதல் என்பார்கள். செலவு என்றால் அன்று பயணம். போகாமலே இருந்துவிட அவன் நிற்கவில்லை, அவளைத் தேற்றிவிட்டுப் போகத்தான் நிற்கிறான் என்று தொல்காப்பியம் கற்பியலில் விளக்குகிறது. அவள் மனம் ஒப்பாமல் அவனுக்குக் காடு கடக்கக் கால் வரவில்லை.

இதெல்லாம் பாசம், நிஜத்தில் வண்டியை எடுப்பவன் ஓட்டுகிறவன்தானே என்றும் எதிரணியினர் கேட்டார்கள். சரி, பாசத்தை விட்டுவிடுவோம்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கானரித் தீவுகளில் டெனரீஃப், லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் இங்கே திருப்பிவிடப்பட்ட விமானங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இருப்பது ஒரே ஓடுபாதை, அதன் மேல் மூடுபனி. ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747. அதே பாதையில் எதிரே ஊர்ந்து வருகிறது பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747. கே.எல்.எம். விமானத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னது, மேலே ஏறிய பிறகு போக வேண்டிய வழியை மட்டும்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் இருந்தது. துணை விமானி வழியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, ‘இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்று ஒரு துண்டைச் சேர்த்தார். விமானம் அதற்குள் உருளத் தொடங்கியிருந்தது. தயாராக நிற்கிறார்கள் என்று எண்ணிய கோபுரம் ‘ஓகே’ என்றது. பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னது. அதே நொடியில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானத்திலிருந்தும் பேச, இரண்டு குரலும் மோதி, கே.எல்.எம். விமானிகளின் காதில் கீச்சென்ற இரைச்சலாக விழுந்தது. அந்த ‘ஓகே’ மட்டும் தெளிவாகக் கேட்டது. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

இதை வாதத்துக்கு எடுக்கும்போது மனசு கனக்கிறது. ஆனாலும் அப்புறம் வந்த விதியைச் சொல்லியாக வேண்டும். ஓடுபாதையை விட்டு எழும்ப இறுதி அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்துசெய்யும்போதும் தவிர ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை வானொலியில் எடுக்கக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’தான். கோபுரம் முதலில் சொன்னால்தான் விமானி அதைத் திருப்பிச் சொல்லலாம். எதிரணி நண்பர்களே, போகிறவர் வாயில் அந்தச் சொல் முதலில் வரவே கூடாது என்று உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

ரயிலிலும் அப்படித்தான். அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்ற ஒப்புதல், வாங்காமல் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடமாட்டார். டவுன் பஸ்ஸில் ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்கலாம். பின்படியில் கூடையோடு ஏறும் பாட்டி கண்டக்டர் கண்ணுக்குத்தான் தெரிவார். கூடை ஏறி, பாட்டி ஏறி, கம்பியைப் பிடித்த பிறகுதான் இரட்டை விசில், “போலாம் ரைட்!”

எதிரணியில் கடைசியாகப் பேசிய சகோதரி யாழ்ப்பாணத்தைச் சொன்னார். இலங்கைப் போரின் நடுவே, 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியிலிருந்து லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்து போனதே, அவர்களை யார் வழியனுப்பினார்கள் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். யாரும் வழியனுப்பவில்லை. ‘கவனமாப் போயிட்டு வா’ என்று வாசலில் நின்று சொல்ல வேண்டிய ஆச்சியும் அப்புவும் அன்றைக்குச் சேர்ந்தே வெளிக்கிட்டார்கள். சகோதரி, அந்த இரவைக் கடந்தவர்கள் அதைப் பயணம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இடப்பெயர்வு என்கிறார்கள். நம் தலைப்பு பயணத்தைப் பற்றியது.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்கே வழங்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.