கருப்பட்டி நிறம்

(பாளையங்கோட்டையில் மெக்கானிக் படிக்கும் மாணவர்களிடம் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் என்னை ரேஸ் வீரர் என்று சொல்லிவிட்டார். மன்னிக்கணும், நான் ஒரு நாள்கூட ரேஸ் கார் ஓட்டியது கிடையாது, நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன்.

1979 பிப்ரவரியில், வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த எங்க மாமா, "ஏலே, சோழவரம் வாரியா?" என்று கேட்டார். ராத்திரி ரயில், அப்புறம் பஸ். சென்னைக்குப் பக்கத்தில் கார் ரேஸ் நடந்த சோழவரம் ஓடுதளம், உலகப் போர்க் காலத்தில் விமானத்துக்குப் போட்டது, பந்தயத்துக்கென்று கட்டியதில்லை. ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கிற அதே பியட் அங்கே கத்திக்கொண்டு வந்தபோது, இது நம்ம பியட்தானா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். மாமா காரைப் பார்க்கவேயில்லை, கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சோதனை ஓட்டம் முடிந்ததும் தெரிந்தவர் வண்டி என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார், சுட்டது. "நிறத்தைச் சொல்லுலே." பீங்கான் முனை வெளுத்திருந்தால் காற்றுக்கேற்ற பெட்ரோல் போகவில்லை, சூடேறிப் பிஸ்டனில் ஓட்டை விழும், கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடிப்போச்சு, உடன்குடிக் கருப்பட்டியை உடைத்தால் உள்ளே ஒரு வெளிர் பழுப்பு நிறம் தெரியுமே, அது வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் சரி. ஒன்று சொல்ல மறந்துட்டேன், முழு வேகத்தில் இருக்கும்போதே என்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து வண்டியை உருட்டிக்கொண்டு வரணும். நிதானமாக ஓட்டி வந்தால் பிளக் பொய் சொல்லும்.

இத்தனை படித்தவன்தான், அடுத்த வருஷம் சக்கர நட்டு ஒன்றை இறுக்காமல் விட்டேன். ஓட்டியவருக்கு அடியில்லை, ஆனால் ஊர் வந்து சேரும்வரை மாமா என்னோடு பேசவில்லை.

எண்பதுகளின் கடைசியில் கோயம்புத்தூர் போனேன். ரேஸ் கார் வடிவமைத்த கரிவரதன் உருவாக்கிய பார்முலா மாருதி என்கிற பந்தயக் கார் வந்திருந்த நேரம், மாருதி 800-இன் 796 சிசி என்ஜின், மூன்றே சிலிண்டர், ஒற்றை இருக்கை. 1995-இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார், செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

அந்தப் பார்முலா மாருதியில் ஓடிய பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் போனார். அமெரிக்கப் பந்தயத்தன்று டயர் தாங்காது என்று 14 கார் ஒதுங்கிவிட்டது, ஓடியது 6 கார், இவருக்கு நாலாவது இடம். "ஆறில் நாலு பெரிய விஷயமா அண்ணாச்சி?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். எனக்குக் கோபமான கோபம். 73 சுற்றுப் பந்தயம் முடியும்வரை என்ஜின் நிற்காமல் வரணும்வே, அது சும்மாவா?

அந்தச் சோழவரம் பிளக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். முன் வரிசைத் தம்பிகள் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். துடைத்துவிடாதீங்க.