லென்ஸ் தயார், பாடி எது?

[திரையில்: மேசை மேல் நாலைந்து ரேஞ்ச்ஃபைண்டர் பாடிகள், எதிலும் லென்ஸ் இல்லை]

வணக்கம். ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்த பாடி நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: நீங்கள் அதிகம் மாட்டப்போகும் லென்ஸ் எது?

எஸ்எல்ஆரில் இந்தக் கேள்வியே வராது. அதில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்ப்பது தனி ஜன்னல் (ஃபைண்டர்) வழியாக. 28 மி.மீ. லென்ஸ் மாட்டினாலும் 90 மி.மீ. மாட்டினாலும் (எண் சிறியதானால் காட்சி அகலம்) ஜன்னலில் தெரிவது அதே காட்சிதான். படத்தில் விழும் பகுதியைக் காட்ட உள்ளே மிதக்கும் வெள்ளைக் கோட்டுச் சட்டம் மட்டும் பெரிதாகும், சிறிதாகும். அந்த ஜன்னலின் உருப்பெருக்கம் பாடிக்குப் பாடி வேறு. விஷயம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

[திரையில்: ஸ்க்ரூ லென்ஸ், மெல்லிய அடாப்டர் வளையம், எம் மவுண்ட் பாடி]

முதலில் மவுண்ட்டை, அதாவது லென்ஸ் பாடியில் பொருந்தும் இடத்தை, சீக்கிரம் முடித்துவிடலாம். பழைய 39 மி.மீ. விட்ட ஸ்க்ரூ லென்ஸ்களுக்கு மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ. தூரம் வேண்டும். லைக்கா எம் மவுண்டில் அது 27.8. மிச்சமுள்ள 1 மி.மீ.தான் அடாப்டரின் தடிமன். அதனால் ஸ்க்ரூ லென்ஸ் எம் பாடியில் சரியாக உட்காரும். எம் லென்ஸை ஸ்க்ரூ பாடியில் மாட்ட வழியில்லை. இரண்டு வகை லென்ஸும் வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், எம் பாடிதான். அடாப்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எந்தச் சட்டம் தெரிய வேண்டும் என்பதை அந்த வளையம்தான் முடிவு செய்கிறது. 35-க்கான அடாப்டரில் 50-ஐ மாட்டினால் 35 சட்டம்தான் வரும்.

சரி, இப்போது ஜன்னலுக்கு வருவோம்.

[திரையில்: எம்3 ஃபைண்டர் வழியாக ஒரு தெரு]

1954-இல் வந்த லைக்கா எம்3-இன் உருப்பெருக்கம் 0.91. கண்ணால் பார்ப்பதற்கும் ஜன்னலில் தெரிவதற்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வலது கண்ணை ஃபைண்டரில் வைத்து இடது கண்ணையும் திறந்து வைத்தால், தெருவின் நடுவே 50 சட்டம் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது 50, 90, 135 சட்டங்கள் மட்டுமே. 35 கிடையாது. அதற்காகவே முன்னால் கண்ணாடி பொருத்திய 35 லென்ஸ்கள் வந்தன. வேலை செய்யும், ஆனால் பாரமாகவும் அழகில்லாமலும் இருக்கும். 35-தான் உங்கள் பிரதான லென்ஸ் என்றால் எம்3-இன் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 35-க்காகவே 0.72 உருப்பெருக்கத்தோடு வந்தது எம்2.

1984-இல் வந்த எம்6-உம் 0.72-தான். 28 முதல் 135 வரை ஆறு சட்டங்கள், இரண்டிரண்டாகத் தெரியும். எல்லா லென்ஸுக்கும் இடம் இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி வசதியாக இல்லை. 28 சட்டம் ஜன்னலின் விளிம்பை ஒட்டிக்கொண்டு நிற்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர் நான்கு மூலைகளையும் பார்க்க கண்ணை உருட்ட வேண்டும். 135 சட்டமோ நடுவில் ஒரு சின்னப் பெட்டி. 1998-இல் வந்த எம்6 டிடிஎல் 0.58, 0.85 உருப்பெருக்கங்களிலும் கிடைத்தது. கண்ணாடி போட்டு 28 பயன்படுத்துபவருக்கு 0.58 பெரிய நிம்மதி.

அதைவிட அகலமாக வேண்டுமா? ஃவாய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர்4-இல் 0.52. 21, 25 சட்டங்கள் உள்ளேயே இருப்பதால், மேலே தனி ஃபைண்டர் செருகத் தேவையில்லை.

[திரையில்: இரண்டு ஜன்னல்களுக்கு இடையே அளவுகோல்]

அப்புறம் ஃபோகஸ். ஜன்னலின் நடுவில் இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்ப்பதுதான் இதில் ஃபோகஸ். பாடியின் முகத்தில் இருக்கும் இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலான தூரத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் ஃபோகஸின் துல்லியம் ஓரளவு பிடிபடும். எம்3-இல் அது சுமார் 62 மி.மீ. எம்6-இல் 50. ஆர்4-இல் வெறும் 19. 21-க்கு 19 தாராளம். அகல லென்ஸில் பெரும்பாலும் எல்லாம் கூர்மையாகவே வரும். 50 எஃப் 1.4-ஐ (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் துளை பெரிது) முழுதாகத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் முகம் எடுப்பவருக்கு அது போதாது. மூக்கு கூர்மையாக இருக்கும், கண் மங்கியிருக்கும். 90 எஃப் 2 வைத்திருப்பவர் எம்3 பக்கமோ 0.85 பக்கமோ போவதுதான் புத்திசாலித்தனம். 135 என்றால்... எஸ்எல்ஆர் வாங்குங்கள் என்பேன். சட்டம் இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமா என்ன?

வேகமான, அதாவது எஃப் எண் சிறிய, லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஷட்டரையும் பாருங்கள். லைக்கா எம் ஃபிலிம் பாடிகளில் உச்ச வேகம் 1/1000. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமோடு எஃப் 5.6-க்கு மேல் திறக்க முடியாது. 1/4000 வரை போகும் கொனிகா ஹெக்ஸார் ஆர்எஃப்-இல் எஃப் 2.8 வரை திறக்கலாம்.

லென்ஸின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். லைக்கா சிஎல், எம்5 இரண்டிலும் ஒளி அளக்கும் மீட்டர் ஒரு சிறு கையில் உட்கார்ந்து லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கும். பின்கண்ணாடி ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும் பழைய அகல லென்ஸ்களை இவற்றில் மாட்டினால் இடித்துச் சேதமாகலாம்.

[திரையில்: ஃபைண்டர் நடுவில் இரட்டை உருவம் மெல்ல ஒன்றாகிறது]

பாடி கைக்கு வந்ததும் லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். இரட்டை உருவம் ஒன்றாகச் சேர வேண்டும். பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ கொஞ்சம் விலகியிருந்தால் பழுதுபார்ப்பவர் சரிசெய்துவிடுவார், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். பழைய எம்3 சிலவற்றில் உள்ளே ஒட்டியிருக்கும் ப்ரிஸம் பிரிந்து ஃபைண்டரே இருண்டுபோயிருக்கும். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.